தொற்றுக் காலத்தில் ஆண் சாவும் பெண் சாவும்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜூன் முதல் அடுத்த ஆண்டு இறுதி வரை தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரித்த களப்பணியாளர்களில் நானும் ஒருத்தி. அப்போது வாசலில் நின்று கேட்டவர்கள், இப்போதும் ரேஷன் கடை வரிசையில் என்னை அடையாளம் கண்டு கேட்பவர்கள், எல்லோருடைய கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் "கொரோனா ஆம்பளைங்களத்தான் கொண்டுபோச்சாமே, நெஜமா?" என்பதில்தான் தொடங்கும். நான் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிகளில் வெளியானதையும் தெருவில் நான் பார்த்ததையும் சொல்கிறேன்.

கொரோனாவில் ஆண்கள்தான் அதிகம் இறந்தார்களா?

பதிவான கணக்குப்படி ஆமாம். 2020 கடைசியில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கில், இந்தியாவில் இறந்த 100 பேரில் 70 பேர் ஆண்கள். இது இங்கு மட்டும் நடந்ததும் இல்லை. பல நாடுகளிலிருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு அதே டிசம்பரில் வந்தது. தொற்றியவர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கு, இறக்கும் வாய்ப்பு 1.4 மடங்கு என்று அதில் தெரிந்தது. 2003-இல் வந்த சார்ஸ், அதற்குப் பிறகு வந்த மெர்ஸ் என்ற இதே குடும்பத்து வைரஸ் நோய்கள் இரண்டிலும் ஆண்களே அதிகம் இறந்தார்கள்.

தொற்றுவது சரிபாதி என்றால், நம் ஊர்க் கணக்கில் மட்டும் ஏன் ஆண் நோயாளிகள் அதிகம்?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதே 2020 கடைசியில், இந்தியாவில் நோய் உறுதியான 100 பேரில் 63 பேர் ஆண்கள். வைரஸ் ஆண்களைத் தேடிப் பிடித்ததா? வெளியே போனவர்கள் அவர்கள் என்பது ஒரு காரணம். காசிமேடு ஏலக்கூடம், துறைமுகம், கொத்தவால்சாவடி மூட்டை, மணலி கம்பெனி ஷிஃப்ட் என்று கூட்டத்தில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். இன்னொரு காரணம், வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் நோய் இல்லை என்ற பரிசோதனைச் சீட்டு வேண்டும். அதனால் அவர்களுக்குப் பரிசோதனை நடந்தது. வீட்டில் இருந்த பெண்ணிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

ஒரு சந்து நினைவுக்கு வருகிறது. வண்டிக்காரர் ஒருவருக்கு உறுதியாகி நோயாளிகளைத் தனியாகத் தங்கவைக்கும் கேர் சென்டருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் மனைவிக்கும் மாமியாருக்கும் மாதிரி எடுக்கப் போனோம். அந்த அக்கா கதவைப் பாதி திறந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "எனக்கும் இருக்குதுன்னு வந்துச்சுன்னா என்னையும் இட்டுனு பூடுவீங்க. இந்த ரெண்டு புள்ளைங்களுக்கு யாரும்மா சோறு போடுவா?" அவருக்கு இருமல் இருந்தது. அன்றைக்குப் பரிசோதனை எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் எந்தக் கணக்கிலும் அவர் நோயாளி இல்லை. அந்த ஆண்டு சில தெருக்களில் நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்தார்களே, அதைப் பார்த்த பெண்கள் பரிசோதனை என்ற சொல்லுக்கே பயந்தார்கள்.

எவ்வளவு பேர் இப்படி விடுபட்டார்கள் என்பதற்கு 2020 ஜூலையில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வே சாட்சி. சென்னை முழுக்க 12,405 பேரிடம் எதிர்ப்புரதம் தேடினார்கள். நகரத்தில் 21.5 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 44 சதவீதம், ராயபுரத்தில் 34. தண்டையார்பேட்டையில் கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு வந்து போயிருக்கிறது. நாங்கள் வீடு வீடாகக் கேட்டபோது அதில் கால்வாசிப் பேர்கூடக் காய்ச்சல் வந்தது என்று சொன்னதில்லை.

அப்படியானால் பெண்ணுக்கு நோய் வந்தால் தப்பித்துவிடுவாள் என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. இறந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. நோய் உறுதியான பெண்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது வேறு கேள்வி. 2020 மே 20 வரையிலான இந்தியக் கணக்கை எடுத்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, உறுதியான ஆண்களில் 100-க்கு 2.9 பேரும் பெண்களில் 3.3 பேரும் இறந்திருந்தார்கள். 40 முதல் 49 வயதுக்காரர்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: ஆண்கள் 2.1, பெண்கள் 3.2.

உலகம் முழுக்க ஒரு மாதிரி இருக்க, இங்கே ஏன் தலைகீழ்? லேசான நோயோடு இருந்த பெண்கள் பரிசோதனைக்கே வரவில்லை. மூச்சு முட்டிய பிறகு வந்தவர்கள்தான் கணக்கில் ஏறினார்கள். முற்றிப்போன நோயோடு வந்தவர்களில் இறப்பு அதிகமாகத்தானே தெரியும். இந்த எண்ணில் வைரஸின் குணத்தைவிட நம் வீடுகளின் பழக்கம் அதிகம் தெரிகிறது என்பது என் கருத்து.

உடம்பிலேயே வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. வைரஸ் உள்ளே வந்ததும் முதலில் மோப்பம் பிடித்து உடம்பை எழுப்பும் சில மரபணுக்கள் அந்த எக்ஸில்தான் இருக்கின்றன. டி.எல்.ஆர். 7 என்பது அதில் ஒன்று. நெதர்லாந்தில் 2020-இல் ஆரோக்கியமான இளைஞர்கள் சிலர் கடுமையாகப் படுத்துவிட்டார்கள். இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பி இருவருமே. பார்த்தால் அவர்களுக்கு அந்த மரபணு பழுது. ஆணுக்கு இருப்பது ஒன்றே என்பதால் அது கெட்டால் மாற்று கிடையாது.

இன்னொன்று இன்டர்ஃபெரான். வைரஸ் வந்த முதல் மணிநேரங்களில் பக்கத்து செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் புரதம் அது. சிலருடைய உடம்பு இந்த எச்சரிக்கையையே எதிரி என்று நினைத்து அடித்துவிடுகிறது. கடுமையான நோயில் இருந்த 987 பேரைச் சோதித்ததில் 101 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். இதைப் படித்த அன்று எங்கள் தெருவில் போய்ச்சேர்ந்த திடகாத்திரமான ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

ஆண் ஹார்மோன்தான் காரணம் என்று ஒரு பேச்சும் இருந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஒரு நொதியை அந்த ஹார்மோன் கூட்டுகிறது என்பதால் அப்படி நினைத்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் ஹார்மோனை அடக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

பெண்ணின் எதிர்ப்புச் சக்தி பலமானது என்றால் அதில் கெடுதலே இல்லையா?

உண்டு. அதே விழிப்பு சில நேரம் சொந்த உடம்பின் மேலேயே திரும்பும். முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்கள் பெண்களிடம் பல மடங்கு அதிகம். தடுப்பூசி போட்ட இரவு காய்ச்சலும் உடம்பு வலியும் பெண்களுக்கே கூடுதலாக வந்தன.

பீடி, சிகரெட், குடி இதெல்லாம்தானே காரணம்?

ஒரு பங்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களில் 100-க்கு 20 பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள், 25 பேர் குடிக்கிறார்கள். பெண்களில் புகையிலை 5, குடி ஒன்றுக்கும் கீழே. ரத்த அழுத்தமும் ஆண்களிடம் கூடுதல். ஆனால் சர்க்கரை கிட்டத்தட்ட சமம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் முதல் அலையை ஆராய்ந்தவர்கள் பார்த்ததும், இறந்தவர்களிடம் அதிகம் இருந்த இணைநோய் சர்க்கரைதான். அடுத்தது ரத்த அழுத்தம். எண்ணூர்ச் சாம்பலையும் மணலிப் புகையையும் சுவாசிப்பதில் ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை.

ஆண்கள் ஏன் அவ்வளவு தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்?

கூலி. இதைத் தவிர முதல் காரணமாக எதையும் சொல்ல மாட்டேன். ஊரடங்கில் மூன்று மாதம் வேலை இல்லாமல் கிடந்து, படகு இறங்கிய முதல் வாரத்தில் காய்ச்சல் வந்தால் யார் சொல்வார்கள்? "சும்மா சளிதாம்மா, கடல் காத்து" என்பார்கள். மாத்திரைக் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு காய்ச்சலை இறக்கிவிட்டுக் காய்ச்சல் முகாமுக்கு வந்து நின்றவர்கள் உண்டு, வெப்பமானியில் தெரியக் கூடாது என்று. ஏழாம் நாள், எட்டாம் நாள் மூச்சு வாங்கும்போது தூக்கிக்கொண்டு ஓடுவோம். தமிழ்நாட்டில் முதல் அலையில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களில் பாதிப் பேர் அங்கே சேர்ந்த பிறகு ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கவில்லை.

பயம் என்று ஒத்துக்கொள்ளவும் அவர்களால் முடியவில்லை. மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில் மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். எண் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. பக்கத்தில் நின்ற அவர் மகள்தான், பத்து வயது இருக்கும், எட்டிப் பார்த்து "தொண்ணூத்தி ஒண்ணு நைனா" என்றாள். அன்று சாயந்திரமே சேர்த்தோம், பிழைத்தார். மகள் பார்த்திருக்காவிட்டால் வந்திருக்க மாட்டார் என்று அவரே பிறகு சொன்னார்.

பெண்கள் தாமதமாக வந்ததற்கு என்ன காரணம்?

படுக்க இடமும் நேரமும் இல்லை. இப்படிச் சொன்னால் கதை போல இருக்கும், ஆனால் ஹவுசிங் போர்டு வீட்டின் ஒரே அறையை நினைத்துப் பாருங்கள். கட்டிலில் நோயாளிக் கணவர். சமையலறை வாசலில் பாய். விடிகாலை தண்ணீர் லாரி வந்தால் குடத்தை யார் எடுப்பது? நோய் வந்த வீடு என்று பக்கத்து வீட்டார் எடுத்துத் தரவும் மாட்டார்கள்.

2021 மே, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்குக் கணவரின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கப் போனேன். அவருக்கு 96. நன்றாக இருக்கிறார். அந்த அம்மா எனக்கு மோர் கலக்கிக்கொண்டே பேசினார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தினார். "உங்க கையையும் குடுங்கம்மா" என்றேன். "எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் கீறேன்" என்றார். விரலில் மஞ்சள் கறை, நகத்தில் பாதி உரிந்த பாலீஷ். பாலீஷ் இருந்தால் எண் தவறலாம் என்பதால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 87. இன்னொரு விரலில் 86. ஆறு நிமிடம் நடக்க வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது, அவரை நடக்கவே விடவில்லை. ஆம்புலன்ஸ் வர நாலு மணிநேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் மூன்று மணிநேரம் வண்டிக்குள்ளேயே காத்திருந்தார். ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் அதற்கு முன்பு இரண்டு முறை போயிருந்தேன். இரண்டு முறையும் நோயாளியின் விரலை மட்டும்தான் பார்த்தேன். எனக்குக் கொடுத்த படிவத்தில் அவர் பெயர் 'தொடர்பில் இருந்தவர்' என்ற கட்டத்தில் இருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சமைப்பவரின் விரலை முதலில் பார்த்தேன்.

இதற்கு முன்பு வந்த கொள்ளைநோய்களிலும் ஆண்கள்தான் அதிகம் இறந்தார்களா?

1918 காய்ச்சலைப் பாருங்கள். முதல் உலகப் போர் முடியும் முன்பே கப்பலில் வந்தது, 'பம்பாய்க் காய்ச்சல்' என்று பெயர். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். மேலை நாடுகள் பலவற்றில் இளம் ஆண்கள் அதிகம் போனார்கள். இந்தியாவில் பெண்கள்தான் அதிகம். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை அதற்குக் காரணமும் எழுதி வைத்திருக்கிறது: வீட்டு வேலைகளோடு சேர்த்து, தாங்களே நோயில் கிடந்தபோதும் மற்றவர்களுக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு பெண்கள் மேல் விழுந்தது.

நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய வரி. வியாசர்பாடி அம்மாவின் கதையை நான் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

கர்ப்பிணிகளுக்கு ஆபத்து கூடுதலா?

கூடுதல். கர்ப்ப காலத்தில் நுரையீரலுக்கு இடம் குறையும், இதயத்துக்கு வேலை கூடும், எதிர்ப்புச் சக்தியின் போக்கும் மாறும். 1918-இலும், 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலிலும் கர்ப்பிணிகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கொரோனாவில் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. நோய் உறுதியான 1,530 கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) ஆராய்ந்தபோது, அறிகுறி இருந்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 28.7 ஆக உயர்ந்திருந்தார்கள். இறப்பு 0.7 சதவீதத்திலிருந்து 5.7.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2-ஆம் தேதி. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைத் தாண்டிவிட்டது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகும் பெண்கள் ஏப்ரலிலேயே "எங்களுக்கு ஊசி கிடையாதா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அந்த மூன்று மாதத் தாமதம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

தடுப்பூசியில் பெண்கள் பின்தங்கியது உண்மையா?

தொடக்கத்தில் உண்மை. 2021 நடுப்பகுதியில் நாடு முழுக்க 1,000 ஆண்கள் ஊசி போட்டால் ஏறத்தாழ 870 பெண்கள் போட்டிருந்தார்கள். போனில் பதிவு செய்ய வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும், வீட்டில் இருப்பது ஒரே போன், அது காலையில் கணவரோடு வேலைக்குப் போய்விடும். அப்புறம், ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும் என்ற பேச்சு. அந்த இரண்டு நாள் சோறு பொங்குவது யார் என்ற கணக்கு.

2021 செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் மெகா முகாம் நடந்தது. பிறகு வாராவாரம், தெருமுனையிலேயே. போன் வேண்டாம், ஆதார் போதும் என்றதும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இடைவெளி மூடியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு விருப்பம் இல்லாமல் இருந்ததில்லை, ஊசி கிட்டே வரவில்லை.

மாதவிடாய் நாட்களில் ஊசி போடக் கூடாது என்றார்களே?

அது வதந்தி. ஊசிக்குப் பின் சிலருக்கு அந்த மாதச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போனது, பிறகு சரியானது. அவ்வளவுதான்.

திருநங்கைகள் கணக்கில் எங்கே?

தமிழ்நாட்டின் தினசரி அறிக்கையில் மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிக் கட்டம் இருந்தது. நல்ல விஷயம். ஆனால் லட்சக்கணக்கில் நோயாளிகள் இருந்த மாநிலத்தில் அந்தக் கட்டத்தில் கடைசிவரை சில பத்துப் பேர்தான். ஆண் வார்டா பெண் வார்டா என்ற கேள்விக்குப் பயந்து போகாதவர்களும், அடையாள அட்டையில் பழைய பெயரோடு ஆண் என்று பதிவானவர்களும் வேறு கட்டங்களிலோ எதிலுமே இல்லாமலோ இருந்தார்கள். ஒரே வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கி, வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த திருநங்கைகள் சிலரை நான் வாரம்தோறும் பார்த்தேன். எண் கேட்டுப் பயப்படாமல் விரலை நீட்டியவர்கள் அவர்கள்.

பெண்கள்தான் அதிகம் இழந்தார்கள் என்று ஒரு ஆராய்ச்சி வந்ததாமே?

2024 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை விட்டுவிட்டு, தேசியக் குடும்பநல ஆய்வுக்காக வீடுகளில் கேட்ட விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். அதன்படி 2020-இல் இந்தியாவில் சராசரி ஆயுள் 2.6 ஆண்டு குறைந்தது. ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 3.1. மத்திய சுகாதார அமைச்சகம் இந்த ஆய்வை ஏற்கவில்லை. அது ஆராய்ந்த வீடுகள் நாடு முழுமைக்கும் பொருந்தாது என்று மறுத்தது.

அந்தச் சண்டையில் தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் எண்ணினால் ஆண்கள் அதிகம், வீட்டு வாசலில் போய்க் கேட்டால் பெண்கள் அதிகம். எங்கே எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. பிரசவம் தவறியது, டயாலிசிஸ் தள்ளிப்போனது, சர்க்கரை மாத்திரை தீர்ந்தும் வாங்கப் போகாதது, இவற்றால் வந்த சாவுகளும் அந்த வீட்டுக் கணக்கில் சேரும். சென்னையின் கணக்கிலும் விடுபட்டவை இருந்தன. 2020 ஜூலை 22 அன்று ஒரே நாளில் முன்பு சேர்க்காத 444 இறப்புகளைச் சென்னைக் கணக்கில் சேர்த்தார்கள்.

கணவர் இறந்த வீடுகளுக்கு என்ன உதவி கிடைத்தது?

உச்ச நீதிமன்ற வழக்குக்குப் பிறகு ஒவ்வொரு இறப்புக்கும் 50,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளை பெயரில் தமிழ்நாடு அரசு 5 லட்சம் வைப்பு வைத்தது. ஒருவரை இழந்த வீட்டுக்கு 3 லட்சம். வட சென்னையில் இந்தப் பணத்தால் பள்ளிக்கூடம் நிற்காமல் போன பிள்ளைகள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் நோய் உறுதியானதற்கான சீட்டு வேண்டியிருந்தது.

கொரோனா வந்து வருடக்கணக்காகியும் எனக்கு அசதி போகவில்லை. வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நம்ப வேண்டும். நீண்ட நாள் தொல்லை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறப்பது, தூங்கி எழுந்தாலும் களைப்பு, படபடப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் எல்லா அசதியையும் "ரத்தம் கம்மி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால், கொரோனா எப்போது வந்தது என்று தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து இப்படி ஒரு காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வது?

யாருக்கு முதலில் வந்தாலும் வீட்டில் இருக்கும் எல்லோருடைய விரலையும் பாருங்கள். 94-க்குக் கீழே இரண்டு முறை காட்டினால் டாக்டரிடம் போங்கள், 90-க்குக் கீழே என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அப்பா மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்கிறாரா என்று கவனியுங்கள். அம்மா பேச்சின் நடுவே நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். சமையலுக்கும் தண்ணீருக்கும் மாற்று ஆள் யார் என்று நோய் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து முறை போட்டுக்கொண்டோம், நோய் வந்த வீட்டு வாசலில் மூன்று வேளையும் சோறும் இரண்டு குடம் தண்ணீரும் வைத்துவிட்டுத் திரும்புவது என்று. அந்தத் தெருவில் ஒரு பெண்கூடப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

சர்க்கரையும் அழுத்தமும் இருப்பது தெரியாமலே நோயில் விழுந்து போனவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பகலில் வருவதால் பெண்கள் கிடைக்கிறார்கள், வேலைக்குப் போன ஆண்கள் விடுபடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஒதுக்கி ஆண்களை நீங்களே கூட்டிப்போங்கள்.

எங்கள் ஆயா (பாட்டி) 2021 மே மாதம் வீட்டிலேயே இறந்தார். காய்ச்சல் இருந்தது, பரிசோதனை எடுக்கவில்லை. இறப்பையும் பதிவு செய்யவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

கொரோனா இறப்பு என்று சேர்ப்பது கடினம். 2021 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதல்படி, நோய் உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், வீட்டிலேயே இறந்திருந்தாலும் அது கொரோனா இறப்பு. ஆனால் உறுதியானதற்குச் சான்று வேண்டும். ஆயாவுக்கு அது இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் கண்டறிந்த ஏதாவது காகிதம் இருந்தால் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம்.

இறப்பைப் பதிவு செய்வது வேறு விஷயம், அதை இப்போதும் செய்யலாம். 21 நாளுக்குள் என்றால் கட்டணமே கிடையாது. ஓராண்டு தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். மயானத்தில் கொடுத்த ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள், ரேஷன் கார்டு, ஆதார், அன்றைக்கு உடன் இருந்த இரண்டு பேர். சொத்து இல்லை, பென்ஷன் இல்லை, எதற்கு அலைய வேண்டும் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். அப்படி விடுபட்டவர்களில் ஆயாக்களே அதிகம். அம்மாவின் அம்மா என்றால் யார் மனு கொடுப்பது என்ற குழப்பம் வேறு. மகள் கொடுக்கலாம், பேத்தியும் கொடுக்கலாம். மண்டல அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவு எங்கே என்று கேட்டுக்கொண்டு போங்கள். என் சொந்த ஆயாவுக்காக நானும் இப்படி அலைந்தது நாலு மாதம், சான்றிதழில் அவர் பெயர் முழுதாக வந்திருக்கிறது.